டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மது அருந்துபவர்' என்று இருந்தால் க்ளெய்ம் கிடைக்காதா?

கேள்வி: ஏழு வருடமாக விடாமல் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறோம். குடிப்பழக்கம் உள்ள என் கணவருக்குக் கணையத்தில் வீக்கம் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேனில் பித்தப்பைக் கல்லும் தெரிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மது அருந்துபவர்' என்று இருப்பதைக் காட்டி க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். இப்போது மனநல மருத்துவர், குடிநோய்க்கு மூன்று வாரம் உள்நோயாளியாகச் சிகிச்சை எடுக்கச் சொல்கிறார். அதற்காவது பணம் கிடைக்குமா?

பதில்: இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். ஒரே மனுவில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் கணையம். 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குகளில் பன்னிரண்டாவது, குடி மற்றும் போதைப் பழக்கச் சிகிச்சைக்கும் அவற்றால் வரும் விளைவுகளுக்கும் பணம் இல்லை என்கிறது. நிறுவனம் இதைத்தான் பிடித்திருக்கும். ஆனால் விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான். உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன விஷயம் இது. ஒருவர் குடிப்பவர் என்பதாலேயே அவருக்கு வந்த நோய் குடியால் வந்தது என்று ஆகிவிடாது. பித்தப்பைக் கல்லே கணைய வீக்கத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கேஸ் ஷீட்டை முழுதாக நகல் வாங்குங்கள். சிகிச்சை தந்த மருத்துவரிடம், காரணம் என்னவென்று அவர் கருதுவதை எழுதித் தரச் சொல்லுங்கள். 'குடியால் வந்தது' என்றே அவர் எழுதியிருந்தால் உங்கள் கட்சி பலவீனம்தான். அதைத் திருத்தித் தரச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். பொய் ஆவணம் வேறு வழக்கில் கொண்டுபோய் விடும்.

பாலிசி எடுத்தபோது குடிப்பழக்கத்தை மறைத்தீர்களா? 2025-ல் இப்படி மறைத்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆனால் 2024 விதிகளின்படி, தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, மறைத்ததைக் காரணம் காட்ட முடியாது. பாலிசியில் உள்ள விலக்குகள் அப்போதும் இருக்கும்.

குடிநோய்ச் சிகிச்சைக்கு வருவோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மன நிலைகளையும் மனநோயில் சேர்க்கிறது. பிரிவு 21(4), உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மனநோயாளியின் வழக்கில் இந்தப் பிரிவை அழுத்தமாகவே அமல்படுத்தியது. நாடாளுமன்றச் சட்டத்தை மீறி ஒழுங்குமுறை ஆணையத்தின் விலக்கு நிற்குமா? நிற்காது என்பது என் கருத்து. ஆனாலும் நிறுவனம் கேஷ்லெஸ் தராது, அதாவது மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். சேர்க்குமுன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்தக் கடிதமே உங்கள் ஆதாரம். சேர்க்கும் இடம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் பதிவானதாக, 24 மணி நேரமும் மருத்துவரும் நர்சும் இருப்பதாக இருக்கட்டும். 'மறுவாழ்வு இல்லம்' என்று போர்டு மாட்டிய பல இடங்கள் பாலிசியின் கண்ணில் மருத்துவமனையே அல்ல. நோயின் பெயரும், மருத்துவர்கள் குடிநோய்க்குப் பயன்படுத்தும் எஃப்10.2 (F10.2) என்ற நோய்க் குறியீடும் சம்மரியில் வர வேண்டும்.

சரி, எங்கே போவது? முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம். எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள், க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்ததா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை. அங்கே வக்கீலுக்கு அனுமதியும் இல்லை, என்னைப் போன்றவர்களுக்குத்தான் நஷ்டம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம். கணைய விவகாரத்துக்கு ஆம்புட்ஸ்மேனே போதும். பிரிவு 21(4) வாதத்துக்கு நுகர்வோர் ஆணையம் மேல்.

பணம் வருமா என்று பார்த்துக்கொண்டு அவரைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம், மருந்துக்கடை பில் உட்பட எல்லா ரசீதும் கையில் இருந்தால்.