பிஸ்டலில் இறுகிய கரியும் ஈயமும்: கேட்டதும் சொன்னதும்

குன்னூரில் .22 ஸ்போர்ட் பிஸ்டல் (0.22 அங்குலக் குண்டு போடும் போட்டித் துப்பாக்கி) சுடுகிறேன். மழைக்காலம் வந்தாலே சுத்தம் செய்வது பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டு, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பாருங்கள்.

அண்ணா, போல்ட் முகத்தில் (தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கும் பாகம்) கரி கல் மாதிரி இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டலாமா? (கோத்தகிரி)

வேண்டாம் தம்பி. .22 குண்டின் மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். வெடிமருந்துக் கரி அதோடு கலந்து சூட்டில் இறுகியதுதான் இது, ஊற வைத்தால் இளகிவிடும். கரியை இளக்கும் கார்பன் சால்வென்டைத் தடவி அரை மணி நேரம் விடு, நைலான் பிரஷ்ஷால் தேய், போகவில்லையா, இன்னொரு முறை ஊற வை. சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் இருப்பதை மூங்கில் குச்சியைச் சீவி எடுக்கலாம், இரும்பில் கீறல் விழாது. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் ஊசியின் துளையில் மட்டும் எண்ணெயைக் கொட்டாதே. டிசம்பர், ஜனவரி உறைபனியில் எண்ணெய் கெட்டியாகி அந்த ஊசி மெதுவாகப் போகும், தோட்டா வெடிக்காது.

நீலகிரித் தைலம் போட்டால் போகுமா சார்? (உதகை)

பிசுக்கும் ஒட்டுப்பசையும் போகும், இறுகிய கரி அசையாது. அது ஆவியாகிப் போன பிறகு இரும்பு வெறுமையாக நிற்கும், இந்த ஈரத்தில் சீக்கிரமே துரு பிடிக்கும். மரப்பிடியின் வார்னிஷும் கெடும். தைலம் சளிக்கே இருக்கட்டும்.

வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றினால் பேரலுக்குள் (குழலுக்குள்) குண்டிலிருந்து ஒட்டிய ஈயம் கரைந்துவிடுமாமே?

கரையும். அதுதான் ஆபத்தே. கரைந்து வருவது ஈய அசிடேட், தண்ணீரில் கலக்கும் நஞ்சு. கையில், துணியில், சிங்கில் ஒட்டி, நகக்கண் வழியாகச் சோற்றோடு உள்ளே போகும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கொஞ்சம் அசந்தால் அந்தக் கலவை புளூயிங்கையும் (இரும்பின் மேலுள்ள கருநீலப் பாதுகாப்புப் பூச்சு) இரும்பையும் சேர்த்து அரித்துவிடும்.

அப்படியானால் பேரலில் ஒட்டிய ஈயத்தை எப்படித்தான் எடுப்பது?

பாத்திரம் தேய்க்கிற செம்புச் சுருள் போதும், ஆனால் அசல் செம்பாக இருக்க வேண்டும். கடையில் செம்பு நிறத்தில் தொங்குவதெல்லாம் செம்பு இல்லை, பல சமயம் இரும்புக் கம்பிக்கு முலாம் பூசியிருப்பார்கள், அது ரைஃப்ளிங்கை (குண்டைச் சுழல வைக்கும் பேரலின் உள்வரிகள்) கீறிவிடும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வாங்காதீர்கள். செம்பு ஈயத்தைவிடக் கடினம், பேரல் இரும்பைவிட மென்மை. அதனால்தான் ஈயத்தை மட்டும் வழித்துக்கொண்டு வருகிறது. தேய்ந்துபோன பித்தளை பிரஷ்ஷில் நாலு இழை சுற்றி, எண்ணெயில் நனைத்து, சேம்பர் பக்கத்திலிருந்து இழுங்கள். கயிற்றில் கட்டி இழுத்தால் இன்னும் நல்லது. சுத்தம் செய்யும் ராடை குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமிருந்து குத்திக் குத்தி எடுத்தால் அந்த விளிம்பு தேயும், அப்புறம் குண்டுகள் ஓரிடத்தில் சேராது. வெள்ளைத் துணியில் சாம்பல் நிறச் செதில்கள் வந்தால் ஈயம் கழன்று வருகிறது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதற்கு முன்னால் டீ கூடக் குடிக்க வேண்டாம்.

மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். அதற்கும் இதே முறைதானா?

இல்லைங்க, அதில் கரியே கிடையாது, பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு விட்டுப்போகும் ஈயப் படிவு மட்டும்தான். பெல்லட்டுக்குப் பதிலாக ஃபெல்ட் (கம்பளித் துணி) துண்டுகளைப் போட்டுச் சுட்டாலே பெரும்பாலும் போய்விடும். காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரின் வால்வில் மட்டும் சாதாரண எண்ணெய் விடவே விடாதீர்கள், உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பற்றலாம்.

சுத்தமாகத் துடைத்துத்தான் வைத்தேன், மேட்டுப்பாளையம் தாண்டிக் கோயம்புத்தூரில் பெட்டியைத் திறந்தால் மேலெல்லாம் ஈரம்!

மலைக் குளிரில் இருந்த இரும்பு கீழே வெக்கைக் காற்றைத் தொட்டதும் வியர்க்கும். இறங்கியவுடன் திறக்காதீர்கள், ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும். வீட்டில் அந்தப் பெட்டியின் ஸ்பாஞ்சுக்குள் வைக்கவும் கூடாது, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லேசாக எண்ணெய் தடவி, சிலிகா ஜெல் பைகளோடு பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஜூன், ஜூலையில் வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.