பாட்டைத் தனியாகக் கேட்பதற்கும் மற்றவர்களோடு கேட்பதற்கும் மனதளவில் என்ன வித்தியாசம்?

எனக்கு இந்த வித்தியாசம் உறைத்தது ஒரு சங்கடத்தில்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின் மட்டும் தனியாக மேலே ஏறும் ஓர் இடம் வரும். ஒவ்வொரு முறையும் அங்கே உடம்பு சிலிர்க்கும், சில நாள் கண்ணும் கலங்கிவிடும். சரி, இதை நண்பன் கேட்டே ஆகவேண்டும் என்று அவனை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அதே பாட்டு, அதே வயலின், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆரம்ப இசை இவ்வளவு நீளமா என்றுகூடத் தோன்றியது. "இதோ, இப்ப வரும் பாரு" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அவன் மரியாதைக்குத் தலையாட்டினான்.

அன்று நான் பாட்டைக் கேட்கவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிலிர்க்கவைக்கும் இடம் வருவதற்குச் சற்று முன்பே, அதை எதிர்பார்க்கும்போதே, மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரக்கத் தொடங்கிவிடுவதைப் பார்த்தார்கள். என் எதிர்பார்ப்பு முழுக்க அன்று வயலினை விட்டு நண்பனின் புருவத்துக்குப் போய்விட்டது. சிலிர்ப்பு எங்கிருந்து வரும்?

அப்படியானால் தனியாகக் கேட்பதுதான் உசத்தியா என்றால், இல்லை. 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், தனியாகக் கேட்டதைவிட நெருங்கிய நண்பரோடோ துணையோடோ கேட்டபோது உணர்ச்சி கூடுதலாக இருந்தது. இதையும் நான் அனுபவித்திருக்கிறேன். அக்காவோடு காரில் போகும்போது சின்ன வயதில் இருவரும் கேட்ட பாட்டு ஒன்று வந்தது. யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இருவர் கண்ணும் சாலையில்தான். அன்று தொண்டை அடைத்தது போல் தனியாகக் கேட்டபோது ஒருநாளும் அடைத்ததில்லை.

கூட்டம் வேறு கணக்கு. அங்கே உணர்ச்சி உடம்பு வழியாக வருகிறது. சேர்ந்து பாடுகிறவர்கள் ஒரே இடத்தில் மூச்சு விடுவதால் அவர்களுடைய இதயத்துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்குவதாக இன்னொரு ஸ்வீடன் ஆய்வு காட்டியது. கச்சேரியில் சுமாரான பாட்டுகூட ஆளைத் தூக்கிவிடும். மறுநாள் தனியாகக் கேட்டால், இதற்கா அத்தனை குதி குதித்தோம் என்று இருக்கும்.

(ஒரு சுவாரசியம்: 1979-ல் வந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகப்படும் என்று சோனிக்காரர்கள் நினைத்தார்களாம். மக்கள் தனியாகத்தான் கேட்டார்கள்.)

மனசு நொந்திருக்கும்போது மட்டும் தனிமையோடு எனக்குக் கொஞ்சம் தகராறு. சோகப்பாட்டை முதல் இரண்டு தடவை கேட்டால் ஆறுதல். பத்தாவது தடவை பாட்டு எங்கோ பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், நான் பழசைக் கிளறிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் யாராவது அறைக்குள் வந்து "இதை நிறுத்தித் தொலையேன்" என்றால் நல்லது.

அப்புறம், யாருக்காவது ஒரு பாட்டு பிடிக்கும் என்று தோன்றினால் இப்போதெல்லாம் லிங்க்கை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன். பக்கத்தில் போய் உட்காருவதில்லை.