கீமோ மட்டும் போதாதா?

கேள்வி: மியான்மாரில், யாங்கோனுக்கு அருகே உள்ள பகோவில் வசிக்கிறோம். அப்பாவுக்கு வயது 61. பல ஆண்டுகளாகப் புகையிலை சேர்த்து வெற்றிலை போடுகிறவர். கன்னத்தின் உட்புறம் ஆறாத புண். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. நான்காம் நிலைப் புற்றுநோய், தாடை எலும்பையும் தொட்டுவிட்டது, நுரையீரலில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். முதலில் அறுவை, பிறகு கதிர்வீச்சு, தேவைப்பட்டால் கூடவே கீமோ என்பது யாங்கோன் மருத்துவரின் யோசனை. கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். கீமோ மட்டும் போதாதா?

பதில்: போதாது. இந்தப் புற்றுநோயில் கீமோ கட்டியைச் சுருக்கும். தனியாக நின்று குணப்படுத்தாது. நான்காம் நிலை என்றதும் கைவிட வேண்டியதும் இல்லை. வாய்ப் புற்றுநோய் தாடை எலும்பைத் துளைத்துவிட்டாலே நான்காம் நிலைதான். தொலைவில் பரவாதவரை குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருகிறோம்.

கத்தி பட்டால் பரவும் என்பது வெறும் பேச்சு. பயந்துபோய் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, முற்றிய பிறகு அறுவைக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அறுவை இல்லாமலே பிழைத்தார் என்றும் சொல்வார்கள். அவருக்குக் குரல்வளையில் வந்திருக்கலாம். அங்கே குரலைக் காப்பாற்ற, கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்தே கொடுப்பதுண்டு. வாய்க்குள் வந்த கட்டிக்கு, வெட்டி எடுக்க முடியுமானால் அறுவைதான் முதலில்.

அறுவைக்குப் பின் வரும் திசுப் பரிசோதனை அறிக்கையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். வெட்டிய ஓரத்தில் புற்றணுக்கள் இருக்கின்றனவா? நெறியின் உறையைக் கிழித்து நோய் வெளியே வந்திருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்ப்பதில் பலன் உண்டு; 2004இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் இந்த வழக்கத்துக்கு அடிப்படை. இரண்டும் இல்லையென்றால் கதிர்வீச்சு மட்டும் போதும், வீணாக மருந்தை ஏற்ற வேண்டாம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கும். தொடங்கும் முன் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

நாள்கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும். வாரம் ஐந்து நாள் வீதம், மொத்தம் 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை, ஆறு வாரத்துக்குச் சற்று மேலே ஆகும். இடையில் நாள் விட்டால் புற்றணுக்கள் மறுபடி பெருகும். ஆகவே பகோவிலிருந்து தினமும் பஸ்ஸில் அலையாமல் யாங்கோனில் தங்க இடம் பாருங்கள். திங்யான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறை குறுக்கிட்டால் விடுபடும் நாட்களை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சொத்தைப் பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகக்கூடும். மூன்றாம் வாரம் வாக்கில் வாய் வெந்து, மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கூட எரியும். எடை குறையத் தொடங்கினால் மூக்கு வழிக் குழாய்க்குத் தயங்காதீர்கள்.

புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்காவது போடலாமா என்று அப்பா கேட்பார். கூடாது, பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள். வீட்டில் வேறு யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்து, வாயில் வெள்ளைப் படலமோ வாய் திறப்பதில் இறுக்கமோ தெரிந்தால், அடுத்த முறை அப்பாவோடு அவரையும் அழைத்துப் போங்கள்.