கீசரை எப்போதும் போட்டே வைப்பது சிக்கனமா, தேவைப்படும்போது மட்டும் போடுவது சிக்கனமா?

தேவைப்படும்போது போடுவதுதான் சிக்கனம். ஆறிப்போன தண்ணீரைத் திரும்பச் சூடாக்கத்தான் கரண்ட் அதிகம் இழுக்கும், அதனால் அணைக்காமல் விடுவதே மேல் என்று நானும் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அது தப்பு என்று தெரிந்தது.

1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். 25 லிட்டர் டேங்கை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1 யூனிட் ஆகும், 2,000 வாட் காயிலுக்கு அரை மணி நேர வேலை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதால் இதில் வீண் என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. (உப்பு படிந்தால்கூடச் சூடு தண்ணீருக்குத்தான் போகும், ஆனால் காயில் அளவுக்கு மீறிச் சூடேறிச் சீக்கிரம் எரிந்துபோகும்.)

வீணாவதெல்லாம் தண்ணீர் சூடாகச் சும்மா நிற்கும் நேரத்தில்தான். டேங்கின் உள்ளுக்கும் அறைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ அதற்கேற்றபடிதான் சூடு வெளியே போகும். அணைத்துவிட்டால் தண்ணீர் ஆற ஆற இழப்பும் குறைந்துகொண்டே வரும், போட்டே வைத்தால் 60 டிகிரிக்குரிய முழு இழப்பு இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். என் டேங்கை இரவு 60 டிகிரியில் அணைத்துவிட்டு 8 மணி நேரம் கழித்துக் குழாயில் வந்த சுடுதண்ணீரை அளந்தேன், 52 இருந்தது. அறை 25 டிகிரி. இந்தக் கணக்கில், நாள் முழுக்கப் போட்டே வைத்தால் யாரும் ஒரு சொட்டுக்கூடத் திறக்காமலே முக்கால் யூனிட்டுக்கு மேல் போய்விடும்!

ஆனால் ஒரு விஷயம். டேங்கை நிறையச் சூடாக்கிவிட்டு ராத்திரிக்கு மட்டும் அணைப்பதில் பெரிய மிச்சம் இல்லை. என் டேங்கில் போட்டே வைத்தால் சுமார் 0.26 யூனிட், அணைத்துவிட்டுக் காலையில் திரும்ப ஏற்றினால் 0.23 யூனிட், அவ்வளவுதான் வித்தியாசம். உண்மையான மிச்சம் எங்கே என்றால், குளித்து முடித்த பிறகு டேங்க் பச்சைத் தண்ணீரோடு கிடக்க வேண்டும், ஏனென்றால் பச்சைத் தண்ணீருக்கு இழக்க எதுவும் இல்லை. அதனால் குளிக்கப் போகும் முன்பே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் சுடுதண்ணீரை எடுக்க எடுக்க அடியில் பச்சைத் தண்ணீர் நுழையும், தெர்மோஸ்டாட் உடனே காயிலைப் போட்டுவிடும், யாருக்கும் வேண்டாத 25 லிட்டர் மறுபடி கொதித்துக்கொண்டு நிற்கும். அணைத்தால் பாதிக் குளியலில் பச்சைத் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயம் வேண்டாம், சூடான தண்ணீர் எடை குறைவு, மேலேயே நிற்கும், சுடுதண்ணீர்க் குழாயும் மேல்மட்டத்திலிருந்துதான் எடுக்கிறது. 60 டிகிரித் தண்ணீரை 40க்குக் கலந்து குளித்தால் 25 லிட்டர் டேங்கிலிருந்தே ஐம்பது லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

அப்புறம் குழாய். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 10 மீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 1.8 லிட்டர் சுடுதண்ணீர் ஒவ்வொரு முறையும் அதற்குள்ளேயே நின்று ஆறும். டேங்க் குளியலறைக்குப் பக்கத்தில் இருப்பது அதனால்தான் நல்லது.

சிக்கனம் என்று தெர்மோஸ்டாட்டை 40க்கு இறக்கி நாள்கணக்கில் விடாதீர்கள். வெதுவெதுப்பில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா நன்றாக வளரும். போடும்போது 60 வரை ஏறட்டும்.