மூன்று மொழியும் சேர்ந்து குழப்பாதா? லாஸ்பேட்டையிலிருந்து கேட்ட அம்மாவுக்கு

பிளஸ் டூ படிக்கும் மகள், ஒருவர் பேசப் பேச உடனுக்குடன் இன்னொரு மொழியில் சொல்லும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றையும் போட்டு மூளையைக் குழப்பிக்கொள்வாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் வேண்டாம்மா. பல மொழி தெரிந்தவர் ஒன்றில் பேசும்போது மற்ற மொழிகளும் உள்ளே விழித்தேதான் இருக்கும், வேண்டாததை அடக்கி வைக்க மூளைக்குத் தெரியும். புதுச்சேரியில் வளர்கிற பிள்ளைக்கு அது அன்றாடப் பழக்கம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. காதில் ஒரு வாக்கியம் விழுந்துகொண்டிருக்கும்போதே வாய் முந்தைய வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும், இடைவெளி சில நொடிதான். அதிலும் தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் புதிய படகுகளை நிறுத்த மீனவர்களுக்கு அனுமதி" என்பது வரை கேட்டாயிற்று, கொடுத்தார்களா மறுத்தார்களா? பிரெஞ்சில் அதை முன்னாலேயே சொல்ல வேண்டும். காத்திருந்தால் அடுத்த வாக்கியம் வந்து மோதும், அவசரப்பட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும். அதனால் பேசுகிறவர் எங்கே போகிறார் என்று ஊகித்துக்கொண்டே, கேட்டதை மனதில் பிடித்துக்கொண்டே, தன் குரலையும் கவனித்துக்கொண்டே பேச வேண்டும். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் இப்படிப் பேசுகிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, மொழிக்கான இடங்களோடு, அசைவுகளை ஒழுங்குபடுத்துகிற காடேட், புட்டாமென் என்ற ஆழத்திலுள்ள பகுதிகளும் சேர்ந்து உழைப்பது தெரிந்தது. இந்தச் சுமையால்தான் மாநாடுகளில் இவர்களுக்கென்று இருக்கும் கண்ணாடி அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறையாவது மாறிக்கொள்கிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? வானொலியில் தமிழ்ச் செய்தியைப் போட்டுவிட்டு, செய்தி வாசிப்பவர் சொல்வதையே ஓரிரு சொல் பின்தங்கி ஐந்து நிமிடம் சொல்லிக்கொண்டே வரச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம். திணறினால் பயப்படாதீர்கள், முதல் நாள் எல்லோரும் திணறுவார்கள், பழகப் பழக வரும். நான் பார்க்க விரும்புவது, திணறிய பிறகும் இன்னொரு முறை போடச் சொல்கிறாளா என்பதைத்தான்.

படிப்புக்கு பி.ஏ. பிரெஞ்சில் சேர்க்கலாம். கூடவே அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில், டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வை பி2 நிலை வரை முடிக்கட்டும், அப்புறம் எம்.ஏ.வுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகமே பக்கத்தில் இருக்கிறது. நிரந்தர வேலை குறைவு, மாநாடுகளுக்குத் தனியாகப் போய்ச் சம்பாதிக்கிறவர்களே அதிகம், அதையும் தெரிந்தே இறங்குங்கள். நாடாளுமன்றத்தில் தமிழுக்கும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் பிரெஞ்சுக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியையாவது தமிழ் நாளிதழுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள், தலையங்கத்தைச் சத்தமாக வாசிக்கட்டும்.