சர்க்யூட் படம் கேட்டால் தர வேண்டுமா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய எங்கள் எல்.இ.டி. தொலைக்காட்சியில் சிவப்பு விளக்கு எரிகிறது; படம் வரவில்லை. நிறுவனத்தின் சேவை மையத்தில் மெயின் போர்டையே மாற்ற வேண்டுமென்று 9,000 ரூபாய் கேட்கிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக்கோ, சர்க்யூட் படம் கிடைத்தால் சில நூறு ரூபாயில் முடித்துவிடலாம் என்கிறார். அதை வெளியாருக்குத் தருவதில்லை என்று மையம் மறுத்துவிட்டது. கேட்டுப் பெற எனக்கு உரிமை இல்லையா?
- க.மு., விருதுநகர்

பதில்: கேட்டவுடன் தந்தே ஆக வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தையும் தொடங்கியது. நிறுவனங்கள் விரும்பினால் தங்கள் கையேடுகளையும் சேவை விவரங்களையும் அதில் தரலாம். சிக்கல் அந்த ‘விரும்பினால்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. மேலும், ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லும் கையேடு உங்கள் மெக்கானிக்குக்கு உதவாது. அவருக்குத் தேவை, சர்க்யூட் படத்தோடு பழுதுபார்ப்போருக்காக எழுதப்படும் சர்வீஸ் மேனுவல்.

அவர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சிவப்பு விளக்கு எரிவதால் ஸ்டாண்ட்பை சப்ளை, அதாவது டிவி அணைந்திருக்கும்போதும் ஓடும் சிறு மின்சாரம், வருகிறது என்று தெரிகிறது. அடுத்ததாக, போர்டில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரிந்து செல்லும் ஒவ்வொரு லைனிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எள்ளளவு கப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகி ஒரு லைனையே படுக்க வைத்திருப்பதை அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். சர்க்யூட் படம் இல்லையென்றால், மின் தடங்கள் பல அடுக்குகளுக்குள் மறைந்து ஓடும் போர்டில் கண்ணால் தேடித் தேடி ஓய்ந்து, கடைசியில் ‘போர்டை மாத்திடுங்க சார்’ என்று அவரும் சொல்ல நேரிடும். இத்தனைக்கும் அவர் கேட்பது சிப்பின் உள்வடிவமைப்பை அல்ல. நிறுவனம் தன் மெக்கானிக்குகளுக்குக் கொடுத்திருக்கும் தாளைத்தான். அதை வணிக ரகசியம் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாளைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி விற்றார்கள்; அதனால் எந்த நிறுவனமும் கெட்டுப் போனதாகத் தெரியவில்லை.

வாகனத் துறையில் இந்த வாதம் நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு முறை எடுபட்டிருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. தொலைக்காட்சிக்கு அப்படியோர் ஆணை இதுவரை வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், தொலைக்காட்சிக்கான குறிப்பிட்ட உதிரிபாகங்கள் குறைந்தது 7 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றும், பழுதுபார்க்கும் தகவல்களைத் தொழில்முறைப் பழுதுபார்ப்போருக்குத் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் பொருளின் உரிமையாளருக்கும் அந்த வாசலைத் திறந்துவிட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது பின்னதே.

இப்போதைக்கு, தகவல் தர மறுப்பதைச் சேவை மையத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். படம் கையில் வந்துவிடும் என்று உறுதி சொல்ல இயலாது. ஆனால் இப்படி ஒரு குறை இருக்கிறது என்பது பதிவாகும்.

கேள்வி: ‘வெளியாள் திறந்தால் ஆபத்து, அதனால்தான் தகவல் தருவதில்லை’ என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை உண்டா?
- செ.ரா., காரைக்குடி

பதில்: ஆபத்து உண்மைதான். மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கைக் கழற்றிய பிறகும் அதிலுள்ள கப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். ஆனால் அதை எப்படி டிஸ்சார்ஜ் செய்வது என்ற விவரமும் அந்தச் சர்வீஸ் மேனுவலில்தான் இருக்கிறது. மேனுவலைப் பூட்டி வைத்துவிட்டால் மெக்கானிக் அடுப்பைத் திறக்காமல் இருந்துவிட மாட்டார். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் திறப்பார்.