நேரம் பிரித்து அளக்கும் எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலை: எந்த முறைக்கு பீம்டைம் கேட்பது?

சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் ஓடவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் நிலையம்) முதன்முறையாக பீம்டைமுக்கு, அதாவது கதிரைப் பயன்படுத்தும் நேரத்துக்கு, விண்ணப்பிக்கப் போவதாகவும், வேகமான ஸ்கேன், டிஸ்பெர்சிவ் முறை, லேசர் பம்ப்-புரோப் ஆகிய மூன்றில் எதைக் கேட்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாதிரியில் நடக்கும் மாற்றம் எவ்வளவு வேகமானது? அதைத் திரும்பத் திரும்ப நடத்த முடியுமா? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் முறை தானாக முடிவாகிவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு செம்பு வினையூக்கியில். ஹைட்ரஜனில் சூடாக்கும்போது செம்பு ஆக்சைடு உலோகமாக மாறுவதைப் பார்க்கப் போயிருந்தோம். ஒரு நிறமாலைக்கு, அதாவது ஒவ்வொரு ஆற்றலிலும் மாதிரி எவ்வளவு எக்ஸ் கதிரை உட்கவர்கிறது என்று காட்டும் கோட்டுக்கு, 20 நிமிடம் எடுத்தோம். முதலாவதில் இரண்டாம் ஆக்சிஜனேற்ற நிலைச் செம்பு, மூன்றாவதில் உலோகம். நடுவில் வந்தது தெரிந்த எந்தப் பொருளின் கோட்டோடும் பொருந்தவில்லை. ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது: மோனோக்ரோமேட்டர் (கதிரின் ஆற்றலைப் படிப்படியாக மாற்றும் படிகக் கருவி) விளிம்பை, அதாவது உட்கவர்தல் சட்டென எகிறும் ஆற்றலை, கடந்தபோது இருந்த பொருள் வேறு, அதற்கு அப்பால் அலை அலையாக வரும் எக்ஸாஃப்ஸ் பகுதியின் கடைசியை எட்டியபோது இருந்த பொருள் வேறு. இரண்டும் ஒரே கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அடுத்த முறை நொடிக்கு ஒரு நிறமாலை. 8983 எலக்ட்ரான்வோல்ட் அருகே சின்னதாக ஒரு முகடு எழும்பி, சிறிது நேரம் நின்று, அடங்கியது. இடையில் வந்துபோன முதலாம் ஆக்சிஜனேற்ற நிலைச் செம்பு அது. அந்தத் திரை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இந்த வேகமான ஸ்கேன் முறையை 1980களின் இறுதியில் ஹாம்பர்க்கில் ரொனால்ட் ஃப்ராம் வளர்த்தெடுத்தார். படிகத்தை நிறுத்தி நிறுத்தி நகர்த்தாமல் தொடர்ந்து ஆட்டிக்கொண்டே அளப்பார்கள். இன்றைய பீம்லைன்களில் (வளையத்திலிருந்து கதிரை மாதிரிக்குக் கொண்டுவரும் அளவீட்டு நிலையங்களில்) நொடிக்குப் பல நிறமாலைகள் எடுக்கலாம். வினையூக்கி, பேட்டரி என்றால் பெரும்பாலும் இதுவே போதும்.

டிஸ்பெர்சிவ் முறையில் எதுவும் அசையாது. வளைத்த படிகம் எல்லா ஆற்றல்களையும் விசிறிபோல விரித்து மாதிரியில் குவிக்கும்; டிடெக்டர் முழு நிறமாலையையும் ஒரே நொடியில் அல்ல, மைக்ரோநொடிகளில்கூட வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு தடவைதான் நடக்கும் மாற்றத்துக்கு இது கைகொடுக்கும். ஆனால் மாதிரி சீராக இருக்க வேண்டும். ஊடுருவி வரும் கதிரைத்தான் அளக்க முடியும் என்பதால் நீர்த்த மாதிரிக்கு ஒத்துவராது.

சரி, பைக்கோநொடி (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) வேண்டுமென்றால்? அதற்குத்தான் லேசர் பம்ப்-புரோப். அங்கே நேரத்தைப் பிரிப்பது டிடெக்டரின் வேகம் அல்ல, எலக்ட்ரான் கொத்தின் நீளம். வளையத்தில் ஓடும் ஒரு கொத்து தரும் எக்ஸ் கதிர்த் துடிப்பு ஏறத்தாழ 100 பைக்கோநொடி. லேசரால் தட்டி, குறித்த தாமதத்தில் அந்தத் துடிப்பால் பார்த்து, அதையே பல லட்சம் தடவை செய்து கூட்ட வேண்டும். அதனால்தான் மாற்றம் திரும்ப நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கரைசலைத் தாரையாக ஓடவிட்டு ஒவ்வொரு தடவையும் புது மாதிரி கொடுப்பார்கள். இதில் நேரத்தைத் தின்பது அளவீடு அல்ல, லேசர் புள்ளியையும் எக்ஸ் கதிர்ப் புள்ளியையும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவைப்பதுதான். பீம்டைமைக் கணக்கிடும்போது அதற்கு ஒரு முழு ஷிஃப்ட் ஒதுக்குங்கள்.

அதைவிடக் குறுகிய நேரத்துக்கு, எலக்ட்ரான் கொத்திலிருந்து லேசரால் ஒரு கீற்றை வெட்டியெடுக்கும் முறையும் உண்டு. 2009-இல் ஸ்விஸ் லைட் சோர்ஸில் இப்படித்தான் ஓர் இரும்பு-பைபிரிடின் சேர்மத்தைப் பார்த்தார்கள்: ஒளி பட்டு சுமார் 150 ஃபெம்டோநொடியில் (ஆயிரம் ஃபெம்டோநொடி ஒரு பைக்கோநொடி) இரும்பு-நைட்ரஜன் பிணைப்பு ஏறக்குறைய 0.2 ஆங்ஸ்ட்ராம் (ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) நீண்டுவிடுகிறது. வெட்டிய கீற்றில் ஃபோட்டான்கள் மிகக் குறைவு என்பதால், இன்று இந்த வேலைக்குப் பலரும் எக்ஸ் கதிர் லேசர் நிலையங்களுக்குத்தான் போகிறார்கள்.

கடைசியாக, எந்த முறையானாலும் ஹைட்ரஜனும் லேசரும் இல்லாமல் எக்ஸ் கதிரை மட்டும் மாதிரியில் விட்டு, அதே இடத்தில் பத்து நிறமாலை எடுத்துப் பாருங்கள். செம்பைக் கதிரே ஒடுக்கிவிடுவதுண்டு, அதாவது அதன் ஆக்சிஜனேற்ற நிலையைக் குறைத்துவிடும். பத்தும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் தொடங்கலாம். விளிம்பு நகர்ந்தால் கதிரின் செறிவைக் குறைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.